சப்ளை செயின் கற்கத் தொடங்குபவர்களுக்கு: முதலில் கையிருப்பைப் பிடியுங்கள்

சப்ளை செயின், அதாவது மூலப்பொருளிலிருந்து வாங்குபவர் கைவரை ஒரு பொருள் வந்துசேரும் சங்கிலியை நடத்தும் துறைக்குள் வர நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் முதல் கேள்வி, "எந்தச் சான்றிதழ் வாங்கினால் வேலை கிடைக்கும்?" அடுத்தது, "எஸ்.ஏ.பி. (நிறுவனங்கள் பயன்படுத்தும் ஒரு நிர்வாக மென்பொருள்) படிக்கணுமா?" இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். ஆனால் அவற்றுக்கான நேரம் பிறகு வரும். அடிப்படை புரியாமல் சான்றிதழுக்குப் படித்தால் கலைச்சொற்கள் மனப்பாடம் ஆகும். ஒரு கிடங்கில் ஏன் சரக்கு மலைபோல் கிடக்கிறது, அதே கிடங்கில் கேட்ட பொருள் மட்டும் ஏன் இல்லை என்று கேட்டால் பதில் வராது.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கற்றுக்கொள்வதிலிருந்தே தொடங்கலாம் என்பது என் கட்சி. பாடத்திட்டங்கள் பெரும்பாலும் வரையறை, வரலாறு, லாஜிஸ்டிக்ஸ் (சரக்கை நகர்த்துவது, சேமிப்பது) என்று போகும். நான் கையிருப்பிலிருந்து தொடங்கச் சொல்வேன். விற்பனைப் பிரிவின் கணிப்பு தப்பினாலும், கொள்முதல் பிரிவு தள்ளுபடி கிடைக்கிறது என்று அள்ளி வாங்கினாலும், சப்ளையர் தாமதித்தாலும், இயந்திரம் நின்றுபோனாலும், எல்லாம் கடைசியில் கையிருப்பில்தான் வந்து விழும். அங்கே நின்று பார்த்தால் மற்ற எல்லாப் பிரிவுகளும் தெரியும்.

எட்டாம் வகுப்புக் கணக்கும் ஓரளவு எக்ஸெலும் தெரிந்தால் போதும். எந்தப் பட்டம் படித்தவரும் தொடங்கலாம்.

ஒரு பொருளை எடுத்துப் பின்னோக்கிப் போங்கள்

கையில் இருக்கும் ஏதாவது ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். கைபேசி சார்ஜர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தாளின் வலது ஓரத்தில் "வாங்குபவர்" என்று எழுதிவிட்டு இடப்பக்கமாக நகருங்கள்: கடை, மொத்த விற்பனையாளர், கிடங்கு, பொருத்தும் தொழிற்சாலை, அதற்குப் பாகங்கள் தருபவர்கள். சார்ஜருக்குள் பிளாஸ்டிக் கூடு, சர்க்யூட் போர்டு, மின்மாற்றி, செம்புக் கம்பி, இணைப்பு முனை, வெளியே அட்டைப்பெட்டி என்று இருக்கும். எந்தப் பாகம் எத்தனை வேண்டும் என்ற பட்டியலுக்குத்தான் பி.ஓ.எம். (பில் ஆஃப் மெட்டீரியல்ஸ்) என்று பெயர். அதில் ஒரு பாகம் வராவிட்டாலும் சார்ஜர் இல்லை. அட்டைப்பெட்டி வராமல் உற்பத்தி நிற்பதெல்லாம் இந்தத் துறையில் நடக்கிற கதைதான்.

பிறகு மூன்று நிறங்களில் கோடு போடுங்கள். சரக்கு வலப்பக்கமாக நகரும், பணம் இடப்பக்கமாக வரும், தகவல் இரண்டு பக்கமும் ஓடும். தகவல் கோட்டை வரையும்போதுதான் பலருக்கும் முதல் சந்தேகம் எழும்: கடையில் இன்று என்ன விற்றது என்பது செம்புக் கம்பி செய்பவருக்கு எப்போது தெரியும்? பல சங்கிலிகளில் தெரியவே தெரியாது. அவருக்கு வருவது அடுத்த ஆளின் ஆர்டர் மட்டுமே.

ஒவ்வொரு இடத்திலும் பொருள் எத்தனை நாள் நிற்கிறது, எத்தனை நாள் நகர்கிறது என்று உத்தேசமாக எழுதிப் பாருங்கள். வேலை நடக்கும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரமே பல மடங்கு அதிகமாக இருக்கும். அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்த ஒரு எளிய விதி இங்கே கைகொடுக்கும்: உள்ளே நிற்கும் சரக்கு = நாளொன்றுக்குச் செல்லும் அளவு × உள்ளே தங்கும் நாட்கள். தினம் 40 சார்ஜர் வெளியேறி, ஒவ்வொன்றும் சராசரியாக 15 நாள் தங்கினால் எப்போது பார்த்தாலும் சுமார் 600 சார்ஜர் உள்ளே நிற்கும். சரக்கைக் குறைக்க வேண்டுமா? தங்கும் நாளைக் குறையுங்கள்.

இப்போது கணக்கு

இந்தப் பகுதியை மட்டும் அவசரப்படாமல், எக்ஸெலைத் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள். வேலையில் நாள்தோறும் வரும் கேள்விகளில் பாதிக்கு இங்கேதான் வேர் இருக்கிறது.

நம் சார்ஜர் ஒரு நாளைக்குச் சராசரியாக 40 விற்கிறது. சில நாள் 25, சில நாள் 55. இந்த ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகுகிறது என்ற அளவு; எக்ஸெலே கணக்கிட்டுத் தரும்) 12 என்று கொள்வோம். ஆர்டர் கொடுத்தால் சரக்கு வர 9 வேலை நாள் ஆகும். இதுதான் லீட் டைம். கையிருப்பு எந்த அளவுக்கு இறங்கும்போது அடுத்த ஆர்டர் போட வேண்டும்?

9 நாளில் விற்கக்கூடியது 40 × 9 = 360. அதோடு நிறுத்தினால், விற்பனை கொஞ்சம் கூடினாலும் கடை காலி. அதனால் சேஃப்டி ஸ்டாக் என்று ஒரு கூடுதல் இருப்பு வைப்பார்கள். நூறு ஆர்டர் சுழற்சிகளில் 95-ல் சரக்கு தீராமல் இருக்க வேண்டும் என்றால் புள்ளியியல் அட்டவணையிலிருந்து 1.65 என்ற எண் வரும். கணக்கு: 1.65 × 12 × √9 = ஏறத்தாழ 60. ஆக, கையிருப்பு 360 + 60 = 420-க்கு இறங்கியதும் ஆர்டர் போட வேண்டும். இதுதான் ஆர்டர் புள்ளி.

சரி, இதுவரை எல்லாப் பாடத்திலும் இருக்கும். இனிமேல்தான் விஷயமே. சப்ளையர் சொன்ன 9 நாள் சில முறை 7 ஆகிறது, சில முறை 11, 12 ஆகிறது. இந்த லீட் டைமின் திட்ட விலக்கம் 2 நாள் என்று வைத்தால், சேஃப்டி ஸ்டாக் கணக்கில் விற்பனையின் ஆட்டத்தோடு சப்ளையரின் ஆட்டத்தையும் சேர்க்க வேண்டும்: 1.65 × √(9 × 12² + 40² × 2²). விடை கிட்டத்தட்ட 145. அறுபதாக இருந்தது 145! விற்பனை மாறவில்லை, சராசரி லீட் டைமும் மாறவில்லை. சப்ளையரின் இரண்டு நாள் தடுமாற்றம் மட்டும் கிடங்கில் 85 சார்ஜரைக் கூடுதலாக உட்கார வைத்துவிட்டது.

அப்புறம் எதிர்ப்பக்கமும் பாருங்கள். சொன்ன நாளில் சொன்னபடி, அதுவும் 4 நாளில் தரும் இன்னொரு சப்ளையர் கிடைத்தால் தேவையான சேஃப்டி ஸ்டாக் 40 மட்டுமே. அவர் விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் மொத்தத்தில் லாபமாக இருக்கலாம். "விலை குறைவு" என்று ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதை எண்ணாகச் சொல்லத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் அலுவலகக் கூட்டத்தில் கிடைக்கும் மரியாதையே வேறு.

அடுத்த கேள்வி: ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்குவது? ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1913-ல் தந்த ஈ.ஓ.க்யூ. (மொத்தச் செலவு மிகக் குறைவாக வரும் ஆர்டர் அளவு) சூத்திரம் இன்னும் பாடத்தில் இருக்கிறது. ஆண்டுத் தேவை 12,000, ஒரு ஆர்டர் போட ஆகும் செலவு 300, ஒரு பொருளை ஓர் ஆண்டு வைத்திருக்க ஆகும் செலவு 20 என்றால் √(2 × 12,000 × 300 ÷ 20) = 600. ஆண்டுக்கு 20 ஆர்டர். ஆர்டர் செலவு 6,000, வைத்திருக்கும் செலவு 6,000, மொத்தம் 12,000.

600-க்குப் பதில் 900 வாங்கினால்? 4,000 + 9,000 = 13,000. அளவில் பாதிக்குப் பாதி தப்பியும் செலவு எட்டு சதவீதம்தான் கூடுகிறது. எனவே 600-ஆ 620-ஆ என்று சண்டை போடுவது வீண். லாரி கொள்ளளவு, பெட்டியின் எண்ணிக்கை, சப்ளையரின் குறைந்தபட்ச ஆர்டர் இவற்றைப் பார்த்து வசதியான அளவை எடுத்துக்கொள்ளலாம்.

இன்னும் ஒன்று. நான்கு ஊர்களில் நான்கு கிடங்கு, ஒவ்வொன்றிலும் சேஃப்டி ஸ்டாக் 60 என்றால் மொத்தம் 240. ஓர் ஊரின் விற்பனை இன்னொரு ஊரைச் சார்ந்ததில்லை என்றால், எல்லாவற்றையும் ஒரே கிடங்கில் வைத்தால் 120 போதும். ஓர் இடத்தில் கூடியது இன்னோர் இடத்தில் குறைந்து சமன் ஆகிவிடும். ஆனால் வாடிக்கையாளரிடமிருந்து தூரம் கூடிவிடும், போக்குவரத்துச் செலவும் ஏறும். இந்த இழுபறிக்கு எல்லோருக்கும் பொருந்தும் விடை கிடையாது, கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

கணக்கெல்லாம் சரி, கணினியில் 420 என்று காட்டும்போது அலமாரியில் 380 இருந்தால் என்ன செய்வது? சூத்திரத்தை விட்டுவிட்டு முதலில் எண்ணப் போக வேண்டியதுதான். ஆண்டுக்கொரு முறை எல்லாவற்றையும் எண்ணுவதைவிட, தினமும் சில பொருள்களை மட்டும் சுழற்சியாக எண்ணும் முறை நல்லது. மதிப்பு அதிகமான ஏ வகைப் பொருள்களை அடிக்கடியும், மதிப்பு குறைந்த சி வகையை எப்போதாவதும் எண்ணுவார்கள். ஏ.பி.சி. பகுப்பாய்வு என்று நேர்காணலில் கேட்பது இதைத்தான்.

கணிப்பு எப்போதும் தப்பும், எவ்வளவு என்பதே கேள்வி

இருபத்துநான்கு மாத விற்பனை எண்களை நீங்களே கற்பனையாக எக்ஸெலில் எழுதுங்கள். முந்தைய மூன்று மாதச் சராசரியை அடுத்த மாதக் கணிப்பாக வையுங்கள். பக்கத்தில் நிஜம், அதற்கு அடுத்து இரண்டின் வித்தியாசம். வித்தியாசத்தை இரண்டு விதமாகக் கூட்ட வேண்டும். கூட்டல் கழித்தல் குறியோடு கூட்டினால் கணிப்பு ஒரே பக்கமாகச் சாய்கிறதா என்று தெரியும். குறியை விட்டுவிட்டுக் கூட்டினால் பிழை எவ்வளவு பெரியது என்று தெரியும்.

ஒரு நிறுவனத்தின் கணிப்பு மாதா மாதம் நிஜத்தைவிட அதிகமாகவே இருந்தால், பெரும்பாலும் அங்கே யாரோ விற்பனை இலக்கைக் கணிப்பு என்று அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். இலக்கு ஆசை, கணிப்பு எதிர்பார்ப்பு. இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதினால் கிடங்கு நிரம்பும். மிகச் சிக்கலான கணிப்பு முறைகளைக் கற்பதற்கு முன்னால் இந்தச் சாய்வைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

சாட்டையடி விளைவு

கடையில் விற்பனை லேசாக ஆடினால், தொழிற்சாலைக்குப் போகும் ஆர்டர் பலமாக ஆடும். கீழே கைப்பிடி சிறிதாக அசைய, நுனி பெரிதாக வீசுவதால் இதை புல்விப் எஃபெக்ட் என்பார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் இருந்த ஜே ஃபாரஸ்டர் 1961-ல் இதை விரிவாக எழுதினார். 1997-ல் பேராசிரியர் ஹாவ் லீயும் அவர் கூட்டாளிகளும் நான்கு காரணங்களைப் பிரித்துக் காட்டினார்கள்: ஒவ்வொரு கட்டத்திலும் தனித்தனியே கணிப்பது, சேர்த்துவைத்து மொத்தமாக ஆர்டர் போடுவது, விலைத் தள்ளுபடி, தட்டுப்பாட்டின்போது தேவைக்கு மேல் கேட்பது.

இதைப் படித்துப் புரிந்துகொள்வதைவிட விளையாடிப் பார்ப்பது நல்லது. அதற்காகவே எம்.ஐ.டி.யில் உருவான பீர் கேம் என்ற பயிற்சி இருக்கிறது. நான்கு பேர்: சில்லறை, மொத்தம், விநியோகம், ஆலை. ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது, ஆர்டர் சீட்டு மட்டுமே போகும். ஆர்டர் போய்ச் சேரவும் சரக்கு வந்து சேரவும் சில வாரம் ஆகும். வாடிக்கையாளர் தேவை வாரத்துக்கு 4 பெட்டியிலிருந்து 8-க்கு ஒரே ஒரு தடவை உயர்ந்து அப்படியே நிற்கும். அந்த ஒரு மாற்றத்துக்கே நான்கு பேரும் பதறி, முதலில் தட்டுப்பாட்டிலும் பிறகு சரக்குக் குவியலிலும் மாட்டுவார்கள். இணையத்தில் இலவச வடிவங்கள் உள்ளன. நண்பர்கள் கிடைத்தால் தாளிலேயே ஆடலாம். ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் குறை சொல்வார்கள். யாரும் தவறாக ஆடாமலேயே இது நடக்கும் என்பதைக் கவனியுங்கள்.

நிஜத்தில் பார்க்க வேண்டுமா? 2020 தொடக்கத்தில் கார் நிறுவனங்கள் விற்பனை விழும் என்று சிப் ஆர்டர்களைக் குறைத்தன. அந்த உற்பத்தித் திறன் கணினி, கைபேசிகளுக்குப் போனது. கார் விற்பனை எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் திரும்பியபோது சிப் இல்லை. ஒரு சிப் செய்து முடிக்கவே பல மாதம் ஆகும். கிடைக்காது என்ற பயத்தில் பலரும் கூடுதலாகக் கேட்க, உண்மையான தேவை எவ்வளவு என்றே யாருக்கும் தெரியாமல் போனது. மேலே சொன்ன நான்காவது காரணம் இதுதான்.

வாங்குவது என்றால் பேரம் மட்டும் இல்லை

கொள்முதலுக்கு பீட்டர் கிராலிச் என்ற நிர்வாக ஆலோசகர் 1983-ல் தந்த நான்கு கட்டம் நல்ல தொடக்கம். ஒரு பக்கம், அந்தப் பொருள் லாபத்தை எவ்வளவு பாதிக்கும். மறுபக்கம், கிடைக்காமல் போகும் ஆபத்து எவ்வளவு. பாதிப்பும் ஆபத்தும் குறைந்த பொருளுக்கு (பேனா, பேப்பர்) நேரத்தை வீணாக்காதீர்கள். பாதிப்பு அதிகம், தருபவர்கள் நிறையப் பேர் என்றால் அங்கே பேரம் பேசலாம். இரண்டும் அதிகம் என்றால் சப்ளையரோடு நீண்ட கால உறவு வேண்டும். மதிப்பு சிறிதுதான், ஆனால் ஒரே ஒருவர்தான் தருகிறார் என்ற நான்காவது கட்டம்தான் பலரும் கவனிக்காமல் விடுவது.

ஒரே சப்ளையரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2000-ஆம் ஆண்டு மார்ச் மாதம் நடந்ததைப் படியுங்கள். அமெரிக்காவின் அல்புகர்க்கியில் பிலிப்ஸ் சிப் தொழிற்சாலையில் மின்னல் தாக்கிச் சிறிய தீ பிடித்தது. சீக்கிரமே அணைந்துவிட்டது. ஆனால் தூசு, புகை பட்டாலே சிப் உற்பத்தி கெட்டுவிடும். நோக்கியா, எரிக்சன் இரண்டுக்கும் அங்கிருந்து சிப் போய்க்கொண்டிருந்தது. நோக்கியா உடனே சுறுசுறுப்பாகி வேறு இடங்களிலிருந்து சிப் திரட்டியது. எரிக்சன் தாமதமாக விழித்தபோது மாற்று வழி இல்லை. அடுத்த ஆண்டே அதன் கைபேசித் தொழில் சோனியோடு கூட்டு நிறுவனமாக மாறியது. தீ மட்டுமே அதற்குக் காரணம் இல்லை, ஆனால் அடி பலமானது.

கப்பலும் காகிதமும்

போக்குவரத்தில் புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இன்கோடெர்ம்ஸ், அதாவது ஏற்றுமதி இறக்குமதியில் விற்பவர், வாங்குபவர் பொறுப்புகளைப் பிரிக்கும் விதிகள். பன்னாட்டு வணிகச் சபை வெளியிடும் இவற்றில், 2020 பதிப்பில் 11 உள்ளன. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒவ்வொன்றிலும் இரண்டே கேள்வி: செலவு எதுவரை விற்பவருடையது? சரக்குக்கு ஏதாவது ஆனால் ஆபத்து எந்த இடத்தில் வாங்குபவருக்கு மாறுகிறது? சி.ஐ.எஃப். (விலை, காப்பீடு, கப்பல் கட்டணம் மூன்றும் சேர்ந்தது) முறையில் சேரும் துறைமுகம் வரை கப்பல் கட்டணமும் காப்பீடும் விற்பவர் கட்டுவார். ஆனால் ஏற்றும் துறைமுகத்தில் கப்பலில் ஏறியதுமே ஆபத்து வாங்குபவருடையது. பணம் கட்டுபவரும் ஆபத்தைச் சுமப்பவரும் ஒருவரே என்று நினைத்தால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ஆவணம்) மூன்றின் மாதிரிகளையும் தேடி எடுத்து, அளவும் எடையும் மூன்றிலும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் பழகுங்கள். சுங்கத்தில் சரக்கு நிற்பதற்கு இந்த ஒத்துப்போகாமை ஒரு முக்கியக் காரணம்.

2021 மார்ச் 23 அன்று எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் சிக்கி ஆறு நாள் பாதையை அடைத்தது. 2023 இறுதியிலிருந்து செங்கடல் தாக்குதல்களால் பல கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. செய்தியாக இதைப் படிக்கும்போது மேலே போட்ட கணக்குக்குத் திரும்பிப் போங்கள். 9 என்ற இடத்தில் 35 நாளையும், 2 என்ற இடத்தில் 6 நாளையும் போட்டு சேஃப்டி ஸ்டாக் என்ன ஆகிறது என்று பாருங்கள்.

மேலாளருக்குப் புரியும் மொழி பணம்

சரக்கு சராசரியாக 60 நாள் கிடங்கில் நிற்கிறது, விற்றபின் வாடிக்கையாளர் 45 நாளில் பணம் தருகிறார், நீங்கள் சப்ளையருக்கு 30 நாளில் கொடுக்கிறீர்கள். 60 + 45 − 30 = 75 நாள் உங்கள் பணம் சங்கிலிக்குள் முடங்கிக் கிடக்கிறது. கையிருப்பை 10 நாள் குறைத்தால் 65. "கையிருப்பைக் குறைத்தேன்" என்பதைவிட "பத்து நாள் பணத்தை விடுவித்தேன்" என்பது மேலே இருப்பவர் காதில் விழும்.

கருவிகள், சான்றிதழ்கள்

எக்ஸெலில் பிவட் டேபிள், எக்ஸ்லுக்கப், சம்இஃப்ஸ் மூன்றும் கை பழக வேண்டும். அதற்கு அடுத்து, தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்க உதவும் எஸ்.க்யூ.எல். மொழியின் அடிப்படை. எஸ்.ஏ.பி. போல எல்லாப் பிரிவுகளையும் இணைக்கும் ஈ.ஆர்.பி. மென்பொருளைப் பொறுத்தவரை, எந்தத் திரையில் எந்தப் பொத்தான் என்பது வேலையில் சேர்ந்த சில வாரத்தில் வந்துவிடும். பர்ச்சேஸ் ஆர்டர் போடுவதிலிருந்து சரக்கு வந்து, பில் சரிபார்த்து, பணம் போவது வரை என்ன வரிசை என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ஆர்டர், வந்த சரக்கு, பில் மூன்றும் ஒத்துப்போனால்தான் பணம் போகும் என்ற ஒரு விதி தெரிந்தாலே திரை பாதி புரியும்.

சான்றிதழ்களில், சப்ளை செயின் துறையினருக்கான அமெரிக்கச் சங்கமான ஏ.எஸ்.சி.எம். அமைப்பின் சி.பி.ஐ.எம். திட்டமிடல், கையிருப்பு பக்கம், சி.எஸ்.சி.பி. முழுச் சங்கிலி, சி.எல்.டி.டி. லாஜிஸ்டிக்ஸ். கொள்முதலுக்கு பிரிட்டனின் சி.ஐ.பி.எஸ். தகுதிகளும் அமெரிக்காவின் ஐ.எஸ்.எம். தரும் சி.பி.எஸ்.எம்.மும் உள்ளன. எம்.ஐ.டி. இணையவழியில் தரும் மைக்ரோமாஸ்டர்ஸ் சப்ளை செயின் படிப்பு ஐந்து பாடங்கள் கொண்டது. கணக்கில் பயம் இல்லாதவர்களுக்கு அதையே முதலில் சொல்வேன். வேலையில் ஓராண்டு கழித்து, எந்தப் பிரிவு பிடிக்கிறது என்று தெரிந்தபின் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுப்பது காசுக்கும் நல்லது.

எந்தக் கதவு வழியாக நுழைவது

தொடக்க நிலையில் திட்டமிடல் உதவியாளர், கொள்முதல் உதவியாளர், கிடங்குக் கண்காணிப்பு, ஏற்றுமதி ஆவணங்கள், தரவு அலசல் என்று ஐந்தாறு வாசல்கள் உண்டு. கிடங்கு வேலையைக் கீழானதாக நினைப்பவர்கள் அதிகம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சரக்கைக் கையால் எண்ணிய ஒருவர் பிறகு திட்டமிடலுக்குப் போனால், கணினி எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பமாட்டார். ஏற்கனவே கணக்குப் பிரிவிலோ விற்பனையிலோ இருப்பவர், வெளியே வேலை தேடும் முன் தன் நிறுவனத்திலேயே திட்டமிடல் கூட்டத்தில் உட்கார அனுமதி கேட்கலாம்.

நேர்காணலுக்குப் போகும்போது சார்ஜர் கணக்கை உங்கள் சொந்தப் பொருளுக்குச் செய்து ஒரு பக்கத்தில் கொண்டுபோங்கள்: வரைபடம், லீட் டைம், ஆர்டர் புள்ளி, சப்ளையர் தாமதித்தால் என்ன ஆகும் என்ற ஒரு மாற்றுக் கணக்கு. எண்கள் உத்தேசம் என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். "கையிருப்பை எப்படிக் குறைப்பீர்கள்?" என்ற கேள்வி கிட்டத்தட்ட நிச்சயம் வரும். பதில் சொல்லும் முன் நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டியவை மூன்று: எந்தப் பொருளில்? அதன் லீட் டைம் எவ்வளவு ஆடுகிறது? சரக்கு தீர்ந்துபோனால் வாடிக்கையாளர் காத்திருப்பாரா, வேறு இடத்துக்குப் போய்விடுவாரா?